ஊருணித் தவளை, கரையோர ஆமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், நம் கடலோர ஊர்களில் தவளை, பாம்பு, ஆமை, ஓணான் இவற்றைச் சம்பளம் இல்லாமல் கணக்கெடுக்கும் ஆட்களைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். தொண்டியில் ஆரம்பித்து சாயல்குடி வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் பெயர் மட்டும்.

சார், நான் பி.காம். படிக்கிறேன், விலங்கியல் எல்லாம் தெரியாது. பாம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டால்தான் இந்த வேலைக்கு வர முடியுமா? பயிற்சி எங்கே கிடைக்கும்?
– கல்லூரி மாணவர், உச்சிப்புளி

தம்பி, பிடிக்கிற ஆசையை முதலில் ஓரமாக வையுங்கள். பிடிப்பது ஒரு தொழில், கணக்கெடுப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியது கைபேசி வீடியோக்கள்தான். வாலைப் பிடித்துத் தூக்கி, படமெடுக்க வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து முடித்தவரிடம் போய் "அண்ணே, இது எந்த இடத்தில் இருந்தது, என்ன நேரம், பக்கத்தில் கோழிக்கூடா விறகுக் கட்டா?" என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. கணக்கெடுப்பவருக்கு அந்தப் பதில்தான் வேண்டும், பாம்பு வேண்டாம்.

அனுமதி இல்லாமல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட. "நல்ல எண்ணத்தில் பிடித்தேன்" என்பதற்கு அதில் தனிச் சலுகை கிடையாது. வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள், அதையும் அரசு அனுமதியோடு, கணக்கு வைத்துத்தான் செய்கிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது தெரிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது, வாரக்கடைசிப் பயிற்சியில் யாருக்கும் வராது.

உங்களுக்கு வேண்டியது ஒரு நோட்டு, பேனா, டார்ச், கணுக்காலை மூடும் செருப்பு அல்லது பூட்ஸ், கூட வர ஒரு ஆள். தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், போன வழி, மழை பெய்ததா, என்ன பார்த்தீர்கள், எத்தனை. பெயர் தெரியாவிட்டால் "பழுப்பு, முதுகில் வெள்ளைக் கோடு, ஒரு சாண் நீளம்" என்று பார்த்ததை எழுதிப் போட்டோ எடுத்து வையுங்கள், பெயரை அப்புறம் தேடிக்கொள்ளலாம். ஒன்றுமே தென்படாத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதத்தான் எல்லோருக்கும் சோம்பேறித்தனம் வரும். அந்த வரி இல்லாவிட்டால், பத்து வருஷம் கழித்து நோட்டைப் பார்ப்பவருக்கு அன்றைக்கு நீங்கள் போய்ப் பார்த்து இல்லையா, போகவே இல்லையா என்பது தெரியாது. பி.காம். படிக்கிற பிள்ளைக்குப் பூஜ்யத்தின் மதிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊர் ஊருணியில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மழை விழுந்தால் தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. இப்போது சத்தமே குறைந்துவிட்டது. என்ன காரணம்? பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
– ஆசிரியை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம்

டீச்சர், இந்த வாரம் வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காரணத்தை உடனே சொல்ல முடியாது, ஏனென்றால் முன்னால் எவ்வளவு சத்தம் இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஞாபகம் பொய் என்று சொல்லவில்லை. சிறுவயது மழை எல்லோருக்கும் பெரிய மழைதான், அவ்வளவுதான். ஆனால் சந்தேகப்பட நிறைய இருக்கிறது. ஊருணிக்குச் சுற்றிலும் சிமென்ட் கரை கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். செங்குத்தான சுவரில் குட்டித் தவளை ஏறி வெளியே வர முடியாது, வாலை இழந்து கால் முளைத்த பிறகு தண்ணீரிலேயே கிடந்து சாகும். ஜிலேபிக் கெண்டை விட்டிருக்கிறார்களா, ஆப்பிரிக்கக் கெளுத்தி எப்படியோ உள்ளே வந்துவிட்டதா என்று கேளுங்கள், இரண்டும் முட்டையையும் தலைப்பிரட்டையையும் விட்டுவைக்காது. வரத்துக்கால் சீமைக்கருவேலத்தில் அடைபட்டுக் கிடக்கிறதா? கடலோர ஊர் என்றால் இன்னொன்றும் உண்டு. தவளை தோல் வழியாகத் தண்ணீர் குடிக்கிற உயிர், உப்புத் தண்ணீரை அநேகமாக எந்தத் தவளையும் தாங்காது. இறால் பண்ணைத் தண்ணீரோ, கழிமுகத்திலிருந்து ஏறி வரும் தண்ணீரோ கலந்தால் வாயில் வைத்துப் பார்க்காமலேயே தெரிந்துவிடும், தலைப்பிரட்டை இருக்காது.

பிள்ளைகளை வைத்துச் செய்ய இதைவிட நல்ல வேலை கிடையாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வாரத்துக்கு ஒரு மாலை, ஏழு மணிக்கு மேல், ஊருணிக் கரையில் ஒரே இடத்தில் பத்து நிமிஷம் பேசாமல் நிற்க வேண்டும். பத்து நிமிஷம் பிள்ளைகளைப் பேசாமல் நிறுத்துவது உங்கள் திறமை. அப்புறம் சத்தத்துக்கு மார்க் போடுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் 0, தனித்தனியாக எண்ண முடிந்தால் 1, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்துக் கேட்க முடிந்தால் 2, எண்ணவே முடியாத கச்சேரி என்றால் 3. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வருஷக்கணக்காகச் செய்யும் முறைதான் இது, செலவு ஒரு பைசா இல்லை. கூடவே கைபேசியில் ஒரு நிமிஷம் பதிவு செய்து, கோப்புக்குத் தேதியையே பெயராக வையுங்கள். இனம் பிரிப்பதை அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

என்னென்ன கேட்கும்? வீட்டு வாசலில் விளக்கடியில் பூச்சி பிடிக்கிற சொறித்தேரை, தண்ணீர் மேலேயே தத்திப் போகும் குளத்துத் தவளை, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு டக் டக் என்று தட்டுகிற மரத்தவளை, இவை மூன்றின் குரலையும் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள். கட்டை விரல் அளவுகூட இல்லாத குறுவாய்த் தவளைகள் காகிதத்தைச் சீப்பால் உரசுவது போலக் கத்தும், உருவத்துக்கும் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. மண்ணைப் பின்னங்காலால் தோண்டி உள்ளே போய் வருஷத்தில் பெரும்பகுதியை அங்கேயே கழித்துவிட்டு, முதல் பெருமழைக்கு மட்டும் மேலே வரும் உருண்டைத் தவளைகளும் நம் மாவட்டத்துச் செம்மண்ணிலும் மணலிலும் உண்டு. இவை ஓரிரு இரவுதான் கத்தும். வாரத்துக்கு ஒரு மாலை என்று சொன்னேன் அல்லவா, முதல் பெருமழை விழுந்த மறுநாளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் கூடுதலாகப் போய் வாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீருக்குள் பிள்ளைகள் இறங்க வேண்டாம், கரை போதும். ஒரு கண்மாயிலிருந்து இன்னொரு கண்மாய்க்குப் போவதாக இருந்தால் செருப்பையும் பூட்ஸையும் கழுவி, நன்றாகக் காய வைத்து எடுத்துப் போங்கள். தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை ஈர மண்ணோடு பரவக்கூடியது. காய வைக்க நம் ஊர் வெயிலைவிட நல்ல ஆள் யார்?

மழைக்குப் பிறகு வயலில் பளீரென்று மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய தவளைகள். வெளிநாட்டு விஷத் தவளை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உண்மையா?
– பெரியபட்டினம்

பொய். நம்ம ஊர்ப் பெருந்தவளைதான். ஆண் தவளை இனப்பெருக்கக் காலத்தில் சில நாட்களுக்கு மஞ்சளாகி, தாடையின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்தும், அப்புறம் பழையபடி பச்சை கலந்த பழுப்புக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு வருஷமும் அதே வீடியோ, அதே பயம். ஒரு காலத்தில் இந்தத் தவளைகளின் காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள், 1987-ல் இந்தியா அதைத் தடை செய்தது. பார்த்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் பதில் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம்.

அம்மாவும் சித்தியும் பாசி எடுக்கக் கடலுக்குள் போகிறார்கள். கடல் பாம்பு அடிக்கடி கண்ணில் படுகிறது என்கிறார்கள். கடித்தால் ஆஸ்பத்திரியில் போடும் விஷ ஊசி கேட்குமா? இதையும் கணக்கெடுக்கலாமா?
– பாம்பன்

முதல் பாதிக்கு நேரடியான பதில்: கேட்காது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் செய்தது. கடல் பாம்பு நஞ்சு அதில் சேரவில்லை. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயனில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அங்குதான் போக வேண்டும். கடல் பாம்புக் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, கடிவாயும் முள் குத்தினது போல இருக்கும். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை வலி, வாயைத் திறக்கக் கஷ்டம், இமை சரிவது, சிறுநீர் காபி நிறத்துக்கு மாறுவது என்று வரும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற நிலை அது. டயாலிசிஸும் மூச்சுக்கு உதவும் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு போனால் காப்பாற்றலாம். கடித்த உடனே 108-ஐக் கூப்பிட்டு, கடல் பாம்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கையையோ காலையோ அசைக்காமல் வைத்தால் போதும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதனால் நீங்கள் சிகிச்சைக்குப் போனாலே அது கணக்கில் ஏறும். கடலோரத்தில் இந்தக் கடிகள் வெளியே தெரியாமல் போவதற்கு வலிக்காததும் ஒரு காரணம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பாசி எடுப்பவர்களுக்குத் தெரியும், கடல் பாம்பு தானாகத் துரத்தி வந்து கடிப்பதில்லை. ஆபத்து பெரும்பாலும் வலையில்தான். வலைக்கடியன் என்று நம் ஆட்கள் சொல்லும் மூக்கு வளைந்த பாம்புதான் உலகத்தில் கடல் பாம்புக் கடிச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணம். கரைவலையில் மீனோடு வரும்போது அதை வாலைப் பிடித்து வீசுகிறோம், வலை மடியிலிருந்து மீனைக் கையால் அள்ளுகிறோம், அங்கேதான் கடி விழுகிறது. ஒரு குச்சி போதும் அதற்கு. கரை ஒதுங்கிக் கிடக்கும் பாம்பு செத்துவிட்டது என்று நினைத்துக் கால்விரலால் புரட்டாதீர்கள், கரையில் ஊர முடியாமல் கிடக்கும், உயிர் இருக்கும்.

கணக்கெடுக்கலாமா என்றால், உங்கள் அம்மாவைவிடத் தகுதியான ஆள் எனக்குத் தெரியாது. கரையில் நிற்கிற எங்களுக்குச் செத்து ஒதுங்கினதுதான் தெரியும். உயிரோடு எந்தத் திட்டில், எந்தப் பாசிப் படுகையில், எந்த மாதம் அதிகம் என்பது தண்ணீருக்குள் முங்கி எழுகிற பெண்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். வால் துடுப்பு போலத் தட்டையா, பட்டை பட்டையாக வளையம் இருந்ததா, தலை சின்னதா உடம்பு பருமனா, இவ்வளவு போதும். காரங்காடு மாதிரி அலையாத்திப் பக்கம் சேற்றில் கிடப்பதை எல்லாம் கடல் பாம்பு என்கிறோம், அதில் பாதி கழிமுகத்துத் தண்ணீர்ப் பாம்பாகவோ, தோல் தொளதொளவென்று அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும் பாம்பாகவோ இருக்கும், அவற்றால் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் இனம் பார்க்கக் கையில் எடுக்காதீர்கள். ஒரு போட்டோ போதும்.

நாங்கள் நாலு பேர் விடியற்காலையில் கடற்கரையில் ஓடுவோம். போன பங்குனியில் ஆமைத் தடத்தைப் பார்த்துத் தோண்டியதில் முட்டைகள் இருந்தன. வனத்துறைக்குச் சொன்னோம், எடுத்துப் போனார்கள். அடுத்த சீசனில் நாங்களே கூண்டு போட்டு அடை வைத்து குஞ்சு விடலாம் என்று இருக்கிறோம். சரியா?
– தங்கச்சிமடம்

வனத்துறைக்குச் சொன்னது சரி. தோண்டினது சரியில்லை, நீங்களே அடை வைக்கப் போவது சுத்தமாகச் சரியில்லை.

கடலாமைகள் எல்லாமே சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, முட்டையைத் தொடுவதும் வேட்டைக் கணக்கில்தான் வரும். சட்டத்தை விடுங்கள், முட்டையைப் பாருங்கள். இட்டுச் சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதற்குப் பிறகு முட்டையை உருட்டினால், தலைகீழாக்கினால் கரு பிய்ந்து செத்துப்போகும். நீங்கள் விடியற்காலையில் பார்க்கும் குழி முந்தின இரவு பத்து மணிக்கு இட்டதாக இருக்கலாம். எடுக்கத் தெரிந்தவர், எடுத்த வாக்கிலேயே, ஆட்டாமல் கொண்டுபோய், கிட்டத்தட்ட ஒன்றரை அடி ஆழத்தில், தாய் தோண்டிய அதே குடுவை வடிவத்தில் குழி எடுத்து வைக்க வேண்டும். மண்ணின் சூடும் முக்கியம். 29 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஆணும் பெண்ணும் கலந்து வரும், அதற்கு மேல் போகப் போகப் பெண்ணாகவே பொரிக்கும், இன்னும் ஏறினால் முட்டையே வெந்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை வைத்திருக்கும் பொரிப்பகத்தில் இதையெல்லாம் பார்க்க ஆள் இருக்கிறார்கள். ஓட்டம் முடிந்து வேலைக்குப் போகும் நாலு பேரால் 45 முதல் 60 நாள் வரைக்கும் நாய் வராமல் காவல் இருக்க முடியுமா?

உங்கள் ஓட்டம் வேறு விதத்தில் பெரிய உதவி. சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து கடற்கரையில் ராத்திரி நடந்து ஆமைக் கூடுகளைத் தேடுகிறார்கள், வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் சேர்ந்து இன்றைக்கும் நடக்கிறது. ஒரே கரையை, ஒரே தூரத்தை, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை விடாமல் பார்க்கிற ஆள் வனத்துறைக்குக் கிடைப்பது கஷ்டம். மண்டபத்திலோ கீழக்கரையிலோ உள்ள வனச்சரக அலுவலகத்துக்கு டிசம்பரிலேயே போய், இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை நாங்கள் பார்க்கிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். தடத்தைப் பார்த்தால் ஏறின தடம், இறங்கின தடம் இரண்டையும் ஸ்கேலோ செருப்போ பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். சுமார் இரண்டரை அடி அகலத்தில், இடது வலது துடுப்பு மாறி மாறிப் பதிந்திருந்தால் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). அதைவிட அகலமாய், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தின மாதிரி இருந்தால் பேராமையாக (பச்சை ஆமை) இருக்கலாம், அதை உடனே சொல்லுங்கள். போட்டோ எடுத்த தடத்தைக் காலால் அழித்துவிடுங்கள், மறுநாள் வருபவர் திரும்ப எண்ணாமல் இருக்க.

ராத்திரி ஆமையே எதிரில் வந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு உட்காருங்கள். முன்னால் போய் நிற்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், முட்டை இடுவதற்கு முன் வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும்.

குஞ்சு விடும் விழாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது கோபம் வந்தாலும் சரி. மண்ணிலிருந்து மேலே வந்த குஞ்சுக்கு முதல் ஒரு நாளில் நீந்துவதற்கென்று ஒரு வேகம் இருக்கும், அந்த வேகத்தில்தான் கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போகிறது. பிரமுகர் வருகிற வரைக்கும் அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் அந்தச் சக்தியை டப்பாவுக்குள்ளேயே செலவழித்துவிடும். வெளியே வந்த இரவிலேயே, இருட்டில், மணலில் தானாக ஊர்ந்து போக விட வேண்டும். கையில் வைத்து அலையில் விடும் படம் நன்றாகத்தான் இருக்கும்.

வலையில் ஆமை மாட்டினால் சில சமயம் அசைவில்லாமல் வருகிறது. செத்தது என்று போட்டுவிடுகிறோம். ஏதாவது செய்ய முடியுமா அண்ணே?
– மீனவர், மூக்கையூர்

முடியும். ஆமை மூச்சு விட மேலே வரவேண்டிய உயிர், வலைக்குள் ரொம்ப நேரம் மாட்டினால் மயங்கிவிடும், செத்தது போலவே இருக்கும். வயிறு கீழே இருக்கும்படி படகில் வைத்து, பின்பக்கத்தை ஒரு கட்டையோ டயரோ கொடுத்து அரை அடிக்குமேல் உயர்த்துங்கள், நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடுங்கள், மூக்கை மூடாதீர்கள். மல்லாக்கப் போட்டு நெஞ்சை அழுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் எழுந்துவிடும், சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். தெளிந்த பிறகு எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கிவிடுங்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் மூச்சுத் திணறிச் சாவதுதான் இப்படி ஒதுங்குவதற்குப் பெரிய காரணம், அதற்குத்தான் வலையில் ஆமை தப்பும் வழி வைக்கச் சொல்கிறார்கள். அதைப் பற்றி விசைப்படகுக்காரர்களோடு பேச இந்தப் பத்தி பத்தாது. நீங்கள் நாட்டுப்படகா விசைப்படகா என்று எழுதவில்லை, எதுவானாலும் மேலே சொன்னது பொருந்தும். கரையில் செத்த ஆமையைப் பார்த்தால் முதுகோட்டின் பக்கவாட்டுத் தகடுகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு நாலு என்றால் பேராமை அல்லது அழுங்காமை, ஆறும் அதற்கு மேலும் என்றால் பங்குனி ஆமை. ஓட்டின் நீளத்தை நூல் வைத்து அளந்து, ஓட்டில் ஒரு சொட்டுப் பெயின்ட் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெயின்ட் இல்லாவிட்டால் ஒரே ஆமையை நாலு ஊர்க்காரர்கள் நாலாக எண்ணிவிடுவார்கள்.

அழுங்காமைக் கறி சில நேரம் விஷமாகி ஆளையே கொல்லும் என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், இளைய பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

என் மச்சான் லண்டனில் இருக்கிறார். அங்கே தன்னார்வலர்கள் புல்வெளியில் தகரத் துண்டுகளைப் போட்டுவைத்து, அதற்கடியில் வந்து படுக்கும் பாம்பு, பல்லிகளை எண்ணுகிறார்களாம். இங்கே எங்கள் தோப்பில் போட்டுப் பார்க்கலாமா?
– கீழக்கரை

மச்சான் சொல்வது உண்மை. அங்கே வெயில் குறைச்சல், பாம்புகள் சூடு தேடி நெளி தகரத்துக்கும் தார்த் தாளுக்கும் அடியில் வந்து சேரும், காலையில் போய்த் தூக்கிப் பார்த்து எண்ணுவார்கள். அந்த நாட்டில் இயற்கையாக இருக்கும் பாம்பே மூன்று வகைதான், அதில் ஒன்றுக்குத்தான் விஷம்.

இங்கே சித்திரை வெயிலில் தகரத்துக்கடியில் முட்டை அவிக்கலாம். மழைக்காலத்தில் வேண்டுமானால் ஏதாவது வந்து படுக்கும், ஆனால் என்ன வரும் என்று யோசியுங்கள். நம் கடலோர வறண்ட மண்ணில் சுருட்டை விரியன் அதிகம். ஒரு அடிதான் இருக்கும், மண் நிறம், கல்லுக்கும் மட்டைக்கும் அடியில்தான் பகலைக் கழிக்கும். தகரத்தின் ஓரத்தைப் பிடிக்கிற விரல் அதற்கு நேர் எதிரே இருக்கும். செதிலைச் செதிலோடு உரசி எண்ணெய்ச் சட்டியில் தாளிப்பது போல ஒரு சத்தம் போடும், அது கேட்ட பிறகு விரலை எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதனால் நீங்களாக எதையும் போட வேண்டாம். தோப்பில் ஏற்கெனவே கிடக்கும் பனை மட்டை, ஓலைக் குவியலைப் புரட்டினால் நீளக் கொம்பால் உங்கள் பக்கமாகத் தூக்குங்கள், மட்டை உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் நிற்கும். பார்த்த பிறகு இருந்தபடியே வையுங்கள், அது யாரோ ஒருவருடைய வீடு.

அதைவிட நல்ல யோசனை இருக்கிறது. பனங்காட்டுத் தரையிலும் மணல் மேட்டிலும் காலை எட்டு மணி வாக்கில் நடந்து பாருங்கள், சின்ன ஓணான் ஒன்று கல் மேல் ஏறிக் கழுத்துக்குக் கீழே விசிறி மாதிரி ஒன்றை விரித்து விரித்து மூடும். தூத்துக்குடிப் பக்கத்தில் கிடைத்த இந்த வகை ஒன்றைத் தனி இனம் என்று 2016-ல்தான் அறிவித்தார்கள், அறிவியல் பெயரிலேயே மருதமும் நெய்தலும் இருக்கிறது. இவ்வளவு நாளும் காலடியில் ஓடிக்கொண்டிருந்ததுதான். ஒரு மணல்மேட்டை வீட்டு மனைக்காகச் சமப்படுத்தும்போது முதலில் போவதும் இதுதான். விசிறி விரிக்கும் ஆண்களை எண்ணுவது சுலபம், அவை இனப்பெருக்க காலத்தில் ஒரே கல்லில்தான் வந்து உட்காரும். தோப்பைச் சுற்றி ஒரே பாதை, ஒரே நேரம், அவ்வளவுதான். கடி பயமும் இல்லை.

தாத்தா காலத்திலிருந்து வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது, ராசி என்பார்கள். காட்டில் விட்டுவிடலாமா?
– ராமநாதபுரம்

வேண்டாம். வளர்ப்பது சட்டப்படி குற்றம், 2019-லிருந்து உலக அளவிலான வணிகமும் முழுத் தடையில் இருக்கிறது. நீங்களே கொண்டுபோய் விட்டால் அங்கே உள்ள ஆமைகளுக்கு நோயைக் கொடுக்கலாம், இதற்கும் தீனி தேடத் தெரியாமல் போகலாம். வனத்துறையிடம் தானாகப் போய் ஒப்படையுங்கள்.

படகு எடுத்துக்கொண்டு தீவுகளுக்குப் போய்க் கணக்கெடுக்க ஆசை. அனுமதி உண்டா?
– ஏர்வாடி

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, உங்கள் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. வனத்துறை கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிடும்போது பெயர் கொடுங்கள். அதுவரை ஏர்வாடிக் கரையே நீளமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் எழுதி வைத்து என்ன ஆகப் போகிறது? யார் பார்ப்பார்கள்? சான்றிதழாவது உண்டா?
– சாயல்குடி

சான்றிதழுக்காக வருபவர்கள் மூன்றாவது வாரம் வருவதில்லை, அதனால் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

யார் பார்ப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர் இருந்தார், 2023-ல் காலமானார். 1970-களின் கடைசியிலிருந்து இந்தியக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆமைக் கூடுகளைக் குறித்தவர். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தன்னந்தனியாக இருந்து பேராமைகளை எண்ணினார். இன்றைக்கு நம் நாட்டில் எந்தக் கரையில் எந்த ஆமை ஏறுகிறது என்று பேசுகிற யாரும் அவர் நோட்டைத் தாண்டிப் போக முடியாது. எல்லோரும் அவ்வளவு நடக்கச் சொல்லவில்லை, ஒரு கண்மாய் போதும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022-ல் ராம்சார் ஈரநிலங்கள், அதாவது உலக அளவில் முக்கியம் என்று அங்கீகாரம் பெற்ற நீர்நிலைகள் ஆயின, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. நாலுமே பறவைக்காகப் பெயர் வாங்கின கண்மாய்கள். அங்கே வரும் கொக்கும் நாரையும் தின்பதில் தவளைக்கும் பங்கு உண்டு, அந்தத் தவளையை யார் எண்ணுகிறார்கள்? நாலில் இரண்டு உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே.

போட்டோக்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், இனம் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அழியும் நிலையில் உள்ள உயிர் என்றால் இடத்தைத் தானாகவே மறைத்துவிடும். ஆமைக் கூடு, உடும்புப் பொந்து, நட்சத்திர ஆமை பார்த்த இடம் இவற்றை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் லொகேஷனோடு போடாதீர்கள், அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நோட்டை வருஷத்துக்கு ஒரு தடவை பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, ஒரு பிரதி கூட நடப்பவரிடம், ஒரு பிரதி பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கொடுத்து வையுங்கள், கரையான் ஒரு நோட்டைத் தின்றாலும் இன்னொன்று இருக்கும். முதல் பக்கத்தில் இடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை எழுதும்போது "பெரிய புளியமரத்திலிருந்து" என்று எழுதாதீர்கள். ஜிபிஎஸ் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், மரத்தை வெட்டிவிடுவார்கள்.